தூசி ரூம்

வாங்க சார், வாங்க. பாத்து, அந்த மரச்சட்டத்தைத் தாண்டி வாங்க. காலையில இருந்து உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன். டீ சொல்லியாச்சு, இப்ப வந்துரும். உக்காருங்க. அதுல வேண்டாம், அது ஆடும். இந்தா, இதுல உக்காருங்க.

கம்ப்ளைண்ட் ஒண்ணுதான் சார். மெஷின் இழுக்க மாட்டேங்கு. சத்தத்துக்குக் கொறச்சல் இல்ல, தூசியத்தான் இழுக்கல. இருபது நாளாச்சு. எந்தம்பி போன அன்னையில இருந்து இப்படித்தான் கெடக்கு. அவன்தான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான், இந்த மெஷினுக்கு எங்கிட்ட என்ன கோவம்னு தெரியல.

இருங்க, இருங்க. உள்ள போவலாம். என்ன அவசரம்? டீ குடிச்சுட்டுப் போவலாம். நீங்க மெஷினை மாட்ட வந்த அன்னைக்கு நான் பட்டறையில இல்ல. இலஞ்சியில ஒரு வீட்டுக்கு நிலை வைக்கப் போயிருந்தேன். ஒம்பதரைக்குள்ள நிலையத் தூக்கி நிறுத்தணும், நல்ல நேரம் போயிட்டா அந்த வீட்டம்மா என்னை நிறுத்திப்புடும். அதான் தம்பியை இங்கன வச்சுட்டுப் போனேன். பாத்திருப்பியளே, ஒல்லியா, கழுத்துல ஒரு துண்டு போட்டுக்கிட்டு? அவன்தான். பரமசிவன்னு பேரு, பரமுன்னு கூப்புடுவோம். ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டான் சார். கூடப் பொறந்தவன். ஒரு வார்த்தை சொல்லல.

மெஷின் இழுக்கலன்னு வேலையை நிறுத்தி வச்சிருக்கேன், இந்தத் தரையைப் பாருங்க. கைய வச்சுப் பாருங்க. சோத்தைப் போட்டு அள்ளித் திங்கலாம். ஒரு ஆசாரி பட்டறை இப்படி இருந்து நீங்க பாத்திருக்கியளா? மாட்ட வந்த அன்னைக்குப் பாத்திருப்பியளே, கால வச்சா கால் புதையும். அறுப்பு மெஷின் ஒரு பக்கம், இழைப்பு மெஷின் ஒரு பக்கம், நடுவுல உக்காந்து இவன் தேய்ச்சுக்கிட்டு இருப்பான். எங்க ரெண்டு பேருக்கும் வேலை அப்படித்தான் பிரிஞ்சு போச்சு. அறுக்கது, இழைக்கது, மரத்தை இணைக்கப் பூட்டு வெட்டுதது எல்லாம் நான். தேய்க்கது, பாலிஷ் போடுதது அவன். உப்புத்தாள் அவன் கையில இருந்தா மரம் பேசும் சார். அவன் தேய்ச்ச கதவைத் தொட்டுட்டு இன்னொருத்தன் தேய்ச்சதைத் தொட்டியன்னா உங்களுக்கே கை கூசும்.

பங்குனியில இருமல் புடிச்சுது. முதல்ல சளின்னு நெனச்சோம். கசாயம் வச்சுக் குடிச்சான், ஆவி புடிச்சான், ஒண்ணும் கேக்கல. ஒரு வாக்கியம் பேச ஆரம்பிச்சா பாதியில இருமல் வந்துரும், கண்ணெல்லாம் செவந்து போவும். எனக்குப் பாக்கத் தாங்காது சார். அதனால நான் என்ன செய்வேன், அவன் வாயத் தொறந்த உடனே, 'ஏல, பேசாதல, பேசினா இருமுவ'ம்பேன். அவனும் நிறுத்திக்கிடுவான். சொன்ன பேச்சுக் கேக்கிற பய.

தென்காசிக்கு டாக்டர்ட்ட நாந்தான் கூட்டிட்டுப் போனேன். ஒரு லேடி டாக்டர். படம் எடுத்துப் பாத்தாவ. எப்ப இருந்து இருமுது, படிக்கட்டு ஏறினா மூச்சு வாங்குதான்னு அவன்கிட்டக் கேட்டாவ. நான் எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு பதில் சொன்னேன். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே, 'அவரைப் பேச விடுங்க'ன்னாவ. 'பேசினா இருமுவாம்மா, எல்லாம் எனக்குத் தெரியும், நான் சொல்லுதேன்'னேன். கடைசியில சொல்லிட்டாவ. மரத்தூசி நெஞ்சுக்குள்ள போயி எரிச்சலாக்கிக்கிட்டு இருக்கு. இனிமே இவரு பக்கத்துல தூசி வரக்கூடாது. முடியாதுன்னா வேற வேலைக்குப் போயிரட்டும்னு.

வேற வேலை! அதுக்குத்தான் நான் பயந்தேன். ஏன்னா ஒரு வேலை ஏற்கனவே ரெடியா இருந்துச்சு. இவன் பொண்டாட்டி ஆவுடைக்குப் புளியங்குடி. அங்க அவ அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டுதான், இன்னொரு வேனுக்கு ஆள் தேடுதான். அவ ரொம்ப நாளாவே இவன் காதைக் கடிச்சுக்கிட்டு இருக்கா. நான் அவளைத் தப்புச் சொல்லல. ஆனா நெனச்சுப் பாருங்க, இந்தக் கையி போயி ஸ்டியரிங் புடிக்கவா? எங்க அப்பா சாவும்போது இவனுக்குப் பதிமூணு வயசு. அன்னையில இருந்து ஒரு நாள் நாங்க பிரிஞ்சு வேலை பாத்ததில்ல. அவன் இல்லாம நான் இங்கன தனியா உக்காந்து என்ன செய்ய? சொல்லுங்க. மரத்தை அறுத்து அறுத்து யாருகிட்டக் குடுக்க?

அப்பத்தான் உங்க கம்பெனியைப் பத்திக் கேள்விப்பட்டேன். தூசி இழுக்கிற மெஷின். போன் போட்டேன். ஒரு பொம்பளப் புள்ள எடுத்துச்சு, நல்லாத்தான் பேசுச்சு. பட்டறையை ஒட்டி வெளிய ஒரு சின்ன டஸ்ட் ரூம் கட்டிருங்க சார், ஆறுக்கு எட்டு இருந்தாப் போதும், அதுல மெஷினை வச்சுட்டா குழாய் போட்டு இழுத்துக்கிடலாம்னு சொல்லுச்சு. இன்னும் என்னமோ சொல்ல வந்துச்சு. 'ரூம் கட்டுதது எங்களுக்குத் தெரியும்மா, அதை விடு, மெஷின் எப்ப வரும்'னேன்.

டஸ்ட் ரூம். அந்த வார்த்தை எனக்கு அப்படிப் புடிச்சுப் போச்சு சார். டஸ்ட் ரூம்னா என்ன? தூசி ரூம். பூஜை ரூம்னா பூஜை பண்ணுத இடம். பெட்ரூம்னா படுக்குத இடம். அப்ப தூசி ரூம்னா? தூசி வேலை பாக்குத இடம். எவ்வளவு சுளுவா இருக்கு பாருங்க! பட்டறையில இருக்க தூசி எல்லாம் அந்த ரூமுக்குப் போயிரும். தேய்க்கதுதான அதிகத் தூசி? அந்தத் தேய்ப்பு மேசையை மெஷினுக்குப் பக்கத்துலயே போட்டுட்டா, கெளம்புத தூசியை அப்படியே வாயோட கவ்விரும்லா? டாக்டர் சொன்னது ஆச்சு, தம்பியும் எங்கூட ஆச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சந்தோசத்துல தூக்கம் வரல.

இருங்க சார், முடிச்சிருதேன். எந்திரிக்காதிய. டீ இந்தா வந்துட்டு.

சித்திரையில கட்டினோம். கொத்தனார் மாடசாமியைக் கூப்பிட்டேன். அவன் ஹாலோபிளாக்கை அடுக்கிட்டு நிமிந்து பாத்து, 'ஆசாரியே, காத்துக்கு ஜன்னல் எங்க வைக்க?'ன்னான். ஜன்னல் வச்சா தூசி வெளிய போவும்லா, அப்புறம் என்னத்துக்கு ரூமுன்னு அவனை ஒரு ஏத்து ஏத்தினேன். கடைசியில ஒரு ஓரத்துல ஒரு அடிக்கு ஒரு அடி ஓட்டை மட்டும் விட்டான். மேல தகரம். கதவு நான் செஞ்சேன். என் வாழ்க்கையில எத்தனையோ கதவு செஞ்சிருக்கேன், அந்தக் கதவு மாதிரி ஒண்ணு செஞ்சதில்ல. ஒரு நூல் இடைவெளி கெடையாது. சாத்தினா எறும்பு நுழையாது. எந்தம்பிக்குச் செஞ்சதுலா?

பேர்ப் பலகையும் நாந்தான் செதுக்கினேன். தேக்குல, சுத்திக் கொடி ஓடவிட்டு, நடுவுல 'தூசி ரூம்'னு. பாத்தவன் எல்லாம் சிரிச்சான். சிரிக்கட்டும். எந்தக் கடையிலயாவது வேலைக்காரன் மூச்சுக்குன்னு ஒரு ரூம் கட்டிப் பேர் வச்சிருக்கானா?

வைகாசியில நீங்க வந்து மெஷினை மாட்டிட்டுப் போனிய. நான் சாயங்காலம் வந்து பாத்தேன், அழகா நிக்கு. மேல துணிப்பை, கீழ பிளாஸ்டிக் பை, பட்டறைக்குள்ள குழாய் போவுது. பரமு வாசல்ல நின்னான். என்னைப் பாத்த உடனே, 'அண்ணே, அது வந்து...'ன்னான். இருமல். 'பேசாதல, எனக்குத் தெரியும், உனக்குச் சந்தோசம்'னேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. தேங்கா ஒடச்சு, சூடம் காட்டி, நாலு பேரைக் கூப்பிட்டுப் பொங்கல் குடுத்தேன். தேய்ப்பு மேசையை நானே தூக்கிட்டுப் போயி உள்ள போட்டேன். அவன் தோளைப் புடிச்சு உக்கார வச்சு, 'இது எந்தம்பிக்காவக் கட்டினது'ன்னு எல்லாரும் இருக்கச் சொன்னேன்.  அவன் என்னையே பாத்தான். அப்பவும், 'அண்ணே, அது...'ன்னான். 'பேசாதல'ன்னேன். தலையக் குனிஞ்சு உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சுட்டான். அவன் கண்ணுல தண்ணி நின்னுச்சு சார். நன்றி உள்ள பய.

அப்புறம் பக்கத்து வீட்டு வள்ளிமயில் அக்கா சண்டைக்கு வந்துட்டா. அவ அப்பளம் போடுதவ. அந்த ஓட்டை வழியாத் தூள் பறந்து அவ அப்பளத்துல விழுதாம். 'அப்பளத்தைப் பொரிச்சா தேக்கு வாசம் வருதுன்னு கடைக்காரன் திருப்பி விடுதான்யா, நீ செய்யுத கட்டிலோட என் அப்பளத்தையும் சேத்து வித்துக்கோ'ன்னு தெருவுல நின்னு கத்துதா. ஆனியில சாரலும் வந்துட்டு. காத்து அடிச்சா அந்த ஓட்டை வழியாத் தண்ணி மோட்டார் மேல தெறிக்கு. சரி, ரெண்டு தொல்லைக்கும் ஒரே வழின்னு, ஒரு அடிக்கு ஒரு அடி பலகை அறுத்து ஓட்டையில அடிச்சுட்டேன். அதுவும் நூல் சுத்தம். நான் அடிக்கும்போது பரமு எந்திரிச்சு வந்து அந்த ஓட்டையில கைய வச்சான். விரலை விரிச்சு, காத்துல பிடிச்ச மாதிரி. 'அண்ணே, இது வேண்டாம், அது வந்து...' இருமல் சார், அன்னைக்கு நிக்கவே இல்ல. 'கைய எடுல, அடி பட்டுரும், பேசாத'ன்னு நாந்தான் அவன் கையப் புடிச்சு எறக்கி விட்டேன்.

இதைச் சொல்லணும், அதுக்கப்புறம் பட்டறையில தூசியே இல்ல. எனக்கு ஒரு தும்மல் கூட வந்தது கெடையாது. மத்தியானம் சோத்துக்குக் கூப்பிட்டா அவன் அந்தக் கதவைத் தொறந்துக்கிட்டு வெளிய வருவான் பாருங்க, தலை, புருவம், கண்ணு இமை, மீசை எல்லாம் மஞ்சளா மாவு பூசின மாதிரி. 'யாரு பெத்த மாப்பிள்ளைடா நீ'ன்னு கேலி பண்ணுவேன். அவன் சிரிப்பான். கதவுக்கு வெளிய கொஞ்ச நேரம் சும்மா நிப்பான், வாயத் தொறந்துக்கிட்டு. அப்புறம் துண்டை உதறிட்டு வந்து உக்காருவான். சாயங்காலம் அவன்தான் அந்தத் துணிப்பையைத் தட்டி விடுவான், அதுக்குன்னே ஒரு குச்சி வச்சிருந்தான்.

தட்டணும்னு நீங்கதான் சொன்னியளா? எனக்குத் தெரியாதே. அவன் போனதுல இருந்து யாரும் தட்டல. அப்ப அதான் இழுக்க மாட்டேங்குதா? சரி சரி, இருங்க, கதையை முடிச்சிருதேன்.

ஆடி பொறந்து நாலாவது நாள். நான் இங்கன இழைச்சுக்கிட்டு இருக்கேன். மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. திரும்பிப் பாத்தா அந்தக் கதவுக்கு வெளிய கீழ உக்காந்திருக்கான். நெஞ்சு அப்படியே உள்ள வாங்குது. உதடு நீலமா இருக்கு. மெஷினை அப்படியே விட்டுட்டு ஓடினேன். தூக்கினேன், வெயிட்டே இல்ல சார். தென்காசி பெரியாஸ்பத்திரியில மூணு நாள் மூக்குல குழாய் வச்சிருந்தாவ. நான் வெளியவே உக்காந்திருந்தேன். நாலாவது நாள் ஆவுடை ஆட்டோவைக் கூப்பிட்டு, புளியங்குடிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நிக்கா. போறதுக்கு முந்தி எங்கிட்ட வந்து என்ன சொன்னா தெரியுமா? 'அத்தான், அவரை ஒரு ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டியளே'ன்னா.

பூட்டினேனாம்! நல்லாப் பாருங்க சார், அந்தக் கதவுல பூட்டு இருக்கா? தாப்பாளே வெளிப்பக்கம் வைக்கல. அவனுக்காவக் கட்டின ரூம். என் கையால கட்டினது. எனக்கு அப்படியே நெஞ்சு வெந்து போச்சு. அவனாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா, 'ஏட்டி, அண்ணனை அப்படிச் சொல்லாத'ன்னு? ஆட்டோவுல உக்காந்து என்னையே பாத்தான். 'அண்ணே, அது வந்து'ன்னான். 'போல, பேசாத, ஒடம்பைப் பாரு'ன்னுட்டுத் திரும்பி வந்துட்டேன்.

இருபது நாள். நாலு தடவை போன் போட்டேன். எடுக்கத்தான் செய்யுதான். 'அண்ணே'ம்பான், இருமுவான். நான் வச்சுருவேன். இருமுதவனை என்னத்தப் பேச வைக்க? வேன் ஓட்டப் போறானா, இங்கன வாரானா, அதைக் கூடச் சொல்லல. அதான் சார் எனக்கு ஆத்தாமை.

சரி வாங்க, டீ குடிச்சாச்சுல்லா, உள்ள பாப்போம். தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க. லைட்டு இந்தா போடுதேன். நான் இந்த இருபது நாளா உள்ள வரல. வர மனசு வரல.

ஏன், என்ன? என்ன சார் மூக்கைப் பொத்துதிய? தூசி ரூமுல தூசி இருக்கத்தான் செய்யும். சுவத்தைத் தடவிப் பாக்கிய. விரல் மொத்தத்துக்கு இருக்கு, இல்லையா? ஆமா. அந்த எடத்துல மட்டும் தூசி ஒட்டல, பாத்தியளா, மேசைக்குப் பின்னால? அது அவன் முதுகு. சாஞ்சு சாஞ்சு உக்காருவான்போல. தோள் எலும்பு ரெண்டும் தெரியுது. அதைத் தொடாதிய சார்.

அந்தப் பலகையா? நாந்தான் அடிச்சேன், சொன்னேம்லா. அது வழியாத்தான் காத்து வெளிய போவணுமா? அந்தத் துணிப்பை வழியா மாவு மாதிரித் தூசி கசியுமா? கசிஞ்சா எங்க போவும்? உள்ளதான...

இந்த மேசையா? இதுதான் தேய்ப்பு மேசை. அவன் இங்கன உக்காந்துதான்.

என்ன சொல்லுதிய? திரும்பச் சொல்லுங்க. மெஷினுக்கு மட்டுமா? ஆள் உள்ள இருக்கவே கூடாதா? பட்டறையில ஆளு, இங்க மெஷின்... அப்படின்னா தூசியை மட்டும் கொண்டாந்து போடுத ரூமா இது? நான் அவனையும் சேத்துக் கொண்டாந்து போட்டுட்டேனா?

அப்ப அதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும்லா! இவ்வளவு பெரிய மெஷினை விக்கத் தெரியுது, இதைச் சொல்லத் தெரியலையா? ஆளைக் கொன்னுருப்பியளே!

சொன்னியளா?

யாருகிட்ட?

மாட்டின அன்னைக்கேவா. இங்கன வச்சா. ரெண்டு தடவையா. அவன் என்ன சொன்னான்? 'அண்ணன்கிட்டச் சொல்லிருதேன்'னானா.

சொல்லலியே சார். ஒரு வார்த்தை...

கொஞ்சம் இருங்க. நான் இந்த மேசையில உக்காந்துக்கிடுதேன்.

'அண்ணே, அது வந்து.' அவ்வளவுதான் சார். அதுக்கு மேல நான் அவனை விட்டதே இல்ல. வாசல்ல நின்னு சொல்ல வந்தான். பொங்கல் குடுத்த அன்னைக்குச் சொல்ல வந்தான். அந்த ஓட்டையில கைய வச்சுக்கிட்டுச் சொல்ல வந்தான், கையைப் புடிச்சு எறக்கி விட்டுட்டேன். தெரிஞ்சேவா வந்து உக்காந்திருக்கான்? ரெண்டு மாசம்? அண்ணன் கட்டிட்டானேன்னு, பலகையில பேரைச் செதுக்கிட்டானேன்னு, நாலு பேர் முன்னால சொல்லிட்டானேன்னு? பாவிப்பயலே. என் சாமி. எந்திரிச்சு வெளிய போயிருக்கலாமேல. என்னைக் கன்னத்துல ஒண்ணு வச்சிருக்கலாமே.

நீங்க ஒண்ணும் சொல்லாதிய. ஆறுதல் சொல்லாதிய. அந்தச் சுத்தியலை எடுங்க. இல்ல, குடுங்க, நானே எடுக்கேன். அந்தப் பலகை நான் அடிச்சது, நாந்தான் பேத்து எடுக்கணும். வரமாட்டேங்கு பாருங்க. நூல் சுத்தம்... இந்தா வந்துட்டு. வள்ளிமயில் அக்கா எவ்வளவு கத்தினாலும் கத்தட்டும்.

இருங்க, போன் போட்டுருதேன். இப்பவே. ஸ்பீக்கர்ல போடுதேன், நீங்களும் இருங்க. நான் ஏதாவது குறுக்கப் பேசினா என் வாயப் பொத்துங்க.

ஏல பரமு. நாந்தான். வைக்காத. நானும் வைக்கல. மாத்திரை தின்னியான்னு எல்லாம் கேக்கல. நீ என்னமோ சொல்ல வந்தியே, வைகாசியில இருந்து. அதைச் சொல்லு. அண்ணன் வாயத் தொறக்கல.

கேட்டியளா சார்? 'அண்ணே, அது வந்து'ன்னுட்டான். இருமுதான்.

இல்ல, போனை அணைக்கச் சொல்லாதிய. இருமட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் இருமி முடிக்கட்டும். நான் நிக்கேன். நீங்களும் சத்தம் போடாம நில்லுங்க, அவன் சொல்ல வாரான்.